ஒண்ணும் பண்ணாது சார்

நாய்க்கு டிரெய்னர் வைக்கும் சென்னை எஜமானரை அடுக்குமாடி லிஃப்ட்டில் எளிதாக அடையாளம் காணலாம். நாய்ச்சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். மறுமுனையில் முப்பது கிலோ லாப்ரடார், எதிரில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையில் முன்னங்கால்களைப் பதித்திருக்கும். "ஒண்ணும் பண்ணாது சார், விளையாடுது" என்பார்.

நிபுணரிடம் போகும்முன் உறவினர் எல்லாரிடமும் போய்வருவார். மாமனார், தாம் ராஜபாளையம் நாய் வளர்த்த பெருமையில், கட்டிப்போடச் சொல்வார். மைத்துனன், "நீங்கதான் லீடர்னு அதுக்குக் காட்டணும் அத்தான்" என்பான். இந்த லீடர் தத்துவம், அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச்சே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதிவிட்டார். சேதி மைத்துனனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்தது கால்நடை மருத்துவர். முறைப்படி முதலில் போயிருக்க வேண்டிய இடம் இதுதான். திடீரென்று உறுமத் தொடங்கிய நாய்க்குக் காதில் சீழோ மூட்டில் வலியோ இருக்கலாம். அதற்கு மருந்துதான் வேண்டும், பயிற்சி அல்ல.

உடம்பில் கோளாறில்லை என்றானபின் டிரெய்னர் வருவார். சர்வீஸுக்கு ஸ்கூட்டர் விடுவதுபோல நாயை ஒப்படைத்துவிட்டு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது எஜமானரின் கணக்கு. டிரெய்னரோ வீட்டார் அத்தனை பேரையும் சோபாவில் உட்காரவைத்து, நாய் குதித்ததும் யார் என்ன செய்கிறீர்கள் என்று விசாரிப்பார். குட்டு அங்கே உடையும். எஜமானர் அதட்டுவார், பையன் கட்டிப்பிடிப்பான், பாட்டி என்றைக்காவது ஒரு ரஸ்க் கொடுப்பார். எப்போதாவது கிடைக்கும் கூலிதான் பழக்கத்தை விடாப்பிடியாக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடமே காட்டியிருக்கிறார். குதித்தால் முகம் கொடுக்காமல் திரும்பி நிற்பது, நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் தின்பண்டம் தருவது: வீட்டுப்பாடம் இவ்வளவுதான்.

எஜமானர் அதைச் செய்யும் அழகைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். "சிட்! சிட் டவுன்! உக்காரு! உக்காருடா கண்ணா!" நாலாவது கட்டளைக்குள் நாய் அந்தரத்தில் இருக்கும், பிஸ்கட் அதன் வாயில் இருக்கும். பிறகு, இந்த டிரெய்னர் சரியில்லை என்று வேறொருவரை விசாரிக்கத் தொடங்குவார்.

இதற்கிடையில் பாட்டி சொன்னால் மட்டும் நாய் உட்காரும். டிரெய்னர் வந்துபோனபின், உட்கார்ந்தால்தான் ரஸ்க் என்று கண்டிப்பாக இருப்பவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே. எஜமானரைக் கேட்டால், லாப்ரடார் ஜாதிக்கே வயசானவர்கள்மேல் மரியாதை அதிகம் என்பார்.