பூண்டுக் காசும் பதினோரு எழுத்தும்

கேள்வி: வடுகப்பட்டி வியாபாரி பூண்டுக்கான பணத்தை பேங்க்கில் போட ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளைக் குறியீடு) கேட்கிறார். எங்கள் பழைய ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாஸ்புக்கில் உள்ளதைக் கொடுக்கலாமா?
– வாசகர், காந்தலூர்

பதில்: கொடுக்காதீர்கள்! அந்த வங்கி 2017 ஏப்ரல் 1-ம் தேதி பாரத ஸ்டேட் வங்கிக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. கல்யாணமானதும் இனிஷியல் மாறுவது போல, எஸ்.பி.டி.ஆர். என்ற தொடக்கம் எஸ்.பி.ஐ.என். ஆனது. புதிய பாஸ்புக்கின் முதல் பக்கத்திலோ செக்கிலோ இருப்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

இந்தக் குறியீட்டில் மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கும் வங்கியின் பெயர், கடைசி ஆறும் கிளை. நடுவில் ஐந்தாவதாக நிற்பது பூஜ்யம். பலர் அங்கே ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போட்டுவிட்டு, பணம் போகவில்லையே என்று அல்லாடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கணக்கு எண்ணில்தான். பணம் எண்ணைப் பார்த்துத்தான் வரவாகிறது, பெயரைப் பார்த்து அல்ல. ஒரு எண் பிசகினால், மழையில் நனைந்து விளைவித்த பூண்டின் காசு முன்பின் தெரியாதவர் கணக்கில் போய் உட்காரும். மீட்பதற்குள் அடுத்த போகமே வந்துவிடும். நல்ல வேளையாக, அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். ஆகிய இரண்டு பணப் பரிமாற்ற முறைகளிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

வியாபாரியிடம் எண்ணை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். பணத்தை அனுப்பும் முன் திரையில் உங்கள் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.