கவராயம் தவறிப் பெற்ற நாடு

ஒரு நாட்டை உண்டாக்க என்னென்ன வேண்டும்? கொடி வேண்டும், கீதம் வேண்டும், நாலைந்து தியாகிகள் வேண்டும், பாடப்புத்தகத்தில் ஒரு நெடுவினா வேண்டும் என்று நாம் அடுக்குவோம். முதல் உலகப்போரில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியான மார்ஷல் ஃபோஷுக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் போதுமாக இருந்தது.

1918 நவம்பர் 11. பிரான்ஸில் கொம்பியேன் காட்டுக்குள் ஒரு ரயில்பெட்டி. தோற்றுப்போன ஜெர்மனியிடம் கையெழுத்து வாங்கிய போர்நிறுத்த ஒப்பந்தம் சொன்னது: ரைன் நதியின் இடக்கரை மொத்தமும் எங்கள் படைக்கு. கொலோன், கோப்லென்ஸ், மைன்ஸ் ஆகிய மூன்று ஊர்களிலும் முள்ளைக் குத்தி, வலக்கரையில் 30 கிலோமீட்டர் ஆரத்துக்கு அரைவட்டம் போட்டு, அதுவும் எங்கள் படைக்கு. கொலோன் பிரிட்டிஷ்காரருக்கு, கோப்லென்ஸ் அமெரிக்கருக்கு, மைன்ஸ் பிரெஞ்சுக்காரருக்கு. நம் ஊரைக் கூறுபோட வந்த ராட்கிளிஃப் துரைக்குக்கூட ஐந்து வாரம் அவகாசம் இருந்தது; கோடு கோணலாக வந்தாலும் கையால் போட்ட கோடு. இங்கே அந்த மெனக்கெடலும் இல்லை. மலை எங்கே, ரோடு எங்கே, பால்வண்டி எந்த வழியாக வரும் என்பதெல்லாம் கவராயத்துக்கு எப்படித் தெரியும்?

முதல் வட்டம் நான் குடியிருக்கும் கொலோனில் விழுந்தது. டிசம்பர் 12ஆம் தேதி பிரிட்டிஷ் குதிரைப்படை ஹோஹென்சோலர்ன் பாலத்தைத் தாண்டியது. இன்று காதலர்கள் பூட்டுப் போட்டுச் சாவியை ஆற்றில் எறிகிறார்களே, அதே பாலம்தான். பாலத்து முகப்பில் இரண்டாம் வில்ஹெல்ம் கைசர் வெண்கலக் குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்து இந்த ஊர்வலத்தை மேற்பார்வை பார்த்தார். அசல் கைசர் ஒரு மாதம் முன்பே ஹாலந்துக்குக் கம்பி நீட்டியிருந்தார்.

வந்தவர்கள் பேராலயத்துக்கு எதிரே இருந்த பெரிய ஹோட்டலில் தலைமையகம் போட்டார்கள், ‘கொலோன் போஸ்ட்’ என்று ஆங்கிலப் பத்திரிகை நடத்தினார்கள், உள்ளூர் ஆண்கள் பிரிட்டிஷ் அதிகாரியைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். இருநூறு வருஷம் இதே விளையாட்டைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது.

ஊருக்கு மேயர் கொன்ராட் அடெனாவர். ஆளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போர்க்காலப் பஞ்சத்தில் இறைச்சி கிடைக்காமல் ஊர் தவித்தபோது சோயா மாவில் சாசேஜ் செய்யும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். சாசேஜுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஜெர்மன் சட்டம் இருந்ததால் சொந்த நாட்டில் காப்புரிமை கிடைக்கவில்லை. கொடுத்தது யார் தெரியுமா? பிரிட்டன். எப்போது? 1918இல், இரண்டு தரப்பும் பதுங்குகுழியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தபோது. எதிரியின் பீரங்கியைவிட எதிரியின் சாசேஜை ஆங்கிலேயன் மதித்திருக்கிறான்.

கொலோன் கதை இருக்கட்டும். கூத்து தெற்கே நடந்தது. கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவே தூரம் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். முப்பதும் முப்பதும் அறுபது என்று கணக்குப் போட்டவர்கள் அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட்டார்கள். இரண்டு வட்டங்களும் தொடாமல் நின்றன. நடுவில் ஒரு துண்டு நிலம்: ரைன் கரையில் லோர்ஷ், காவ்ப் என்ற இரண்டு சிற்றூர்கள், மேலே காட்டுக்குள் சில கிராமங்கள். வரைபடத்தில் பார்த்தால் பாட்டில் கழுத்து மாதிரி இருந்ததால் ஃப்ளாஷன்ஹால்ஸ், அதாவது பாட்டில்கழுத்துச் சுதந்திர நாடு என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1919 ஜனவரியில் பிறந்தது.

வடக்கே அமெரிக்கன், தெற்கே பிரெஞ்சுக்காரன், ஆற்றுக்கு அந்தப் பக்கமும் பிரெஞ்சுக்காரன். ஆக்கிரமிக்கப்படாத ஜெர்மனிக்குப் போக ஒரே வழி, காட்டுமலை ஏறி லிம்புர்க் பக்கம் இறங்குவது. அந்த வழியில் உருப்படியான ரோடு கிடையாது. இருந்த ரோடெல்லாம் ஒழுங்காகப் பக்கத்து ஊருக்குப் போயிற்று. பக்கத்து ஊர் அந்நியன் கையில். ரயில் லோர்ஷ் வழியாகத்தான் ஓடியது, ஆனால் நிற்கக் கூடாது. பிளாட்பாரத்தில் நின்று, ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டு போகிறவனை வாய்பார்க்கலாம்.

நம் ஊரில் இதற்கு உறவு புதுச்சேரிதான். கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது கொஞ்ச நேரத்துக்குள் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறும். மாறியதை ஒயின்ஷாப் போர்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் பிரெஞ்சுக்காரனும் பிரிட்டிஷ்காரனும் விட்டுப்போன மிச்சம்தான். லோர்ஷிலும் சரக்குக்குக் குறைவில்லை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். குறைவு அரிசிபருப்பு ரகத்தில்: உருளைக்கிழங்கு, பால், மாவு, குளிருக்கு நிலக்கரி.

லோர்ஷ் மேயர் எட்மண்ட் ப்னிஷெக் அந்த நாட்டின் அதிபர், நிதியமைச்சர், அதற்கும் மேலே கடத்தல் துறை அமைச்சர். புரட்சிக்காரர் இல்லை; கோப்பு பார்க்கிற சாதாரண அதிகாரி. ஆனால் ஊர் பசிக்கிறது என்றால் கோப்பு என்ன செய்யும்? இருட்டிய பிறகு ஆற்றில் படகு, காட்டில் மாட்டுவண்டி. இந்தப் பக்கமிருந்து ஒயின் போகும், அந்தப் பக்கமிருந்து சாப்பாடு வரும். சொந்தமாக அவசரக் காசுநோட்டு அச்சடித்தார்கள். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் அப்படி அச்சடித்ததுதான். இவர்கள் நாட்டின் பெயரையே நோட்டில் போட்டுக்கொண்டார்கள். பெர்லினில் தூதரகம் திறக்கிற யோசனைகூட இருந்ததாம். தாய்நாட்டுத் தலைநகரில் தூதரகம்! இந்த அளவுக்கு எகத்தாளம் இருந்தால் பட்டினி கிட்டே வராது.

அந்தப் பக்கம் இன்றும் மார்தட்டிச் சொல்லும் கதை ஒன்று. ரூர் சுரங்கத்து நிலக்கரியை ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குப் போகிற சரக்கு ரயில் ருடெஸ்ஹைமில் நின்றிருந்தது. பிரெஞ்சுக்காரனின் வட்டத்துக்குள் இருக்கும் ஸ்டேஷன். நம்மாட்கள் ரயிலையே ஓட்டிக்கொண்டு வந்து, நிலக்கரியை வீடு வீடாகப் பங்கிட்டுவிட்டார்கள். இத்தாலிக்காரன் வெயில் நாட்டுக்காரன்தானே, சமாளித்துக்கொள்வான் என்று நினைத்திருப்பார்கள். இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் காவ்ப் ஊருக்கு எதிரே ஆற்றுக்கு நடுவில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டையைப் பார்க்க வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் பவேரிய லுட்விக் எழுப்பியது. வேலை என்ன? போகிற வருகிற படகையெல்லாம் மறித்துச் சுங்கம் வசூலிப்பது. ராஜா செய்தால் சுங்கம், மேயர் செய்தால் திருட்டு.

இதே சமயம் கோட்டு சூட்டு போட்டவர்கள் முறைப்படி நாடு படைக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு ரைன் குடியரசு இருந்தால் நல்லது என்பது பிரெஞ்சுத் தளபதிகள் பலரின் ஆசை. பிரஷ்யாவின் பிடி விட்டால் போதும் என்பது ரைன்காரர்கள் சிலரின் ஆசை. 1919 பிப்ரவரி 1ஆம் தேதி அடெனாவர் கொலோன் நகரமன்ற மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். பிரஷ்யாவிலிருந்து பிரிந்து, ஆனால் ஜெர்மனிக்குள்ளேயே ஒரு மேற்கு மாநிலம் என்று பேசினார்கள். முடிவில் ஒரு குழு அமைத்தார்கள். குழு அமைத்தால் விஷயம் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜூன் 1ஆம் தேதி டோர்ட்டன் என்பவர் வீஸ்பாடனில் குடியரசு என்று சுவரொட்டி ஒட்டினார். சில நாளில் சுவரொட்டி மட்டும் மிச்சம்.

பாட்டில்கழுத்தோ இதற்கெல்லாம் அசையாமல் நாலு வருஷம் ஓட்டியது. 1923 ஜனவரியில் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூருக்குள் புகுந்தன. இது எங்களுக்கு ஆகாது என்று அமெரிக்கர்கள் அதே மாதம் கோப்லென்ஸைக் காலி செய்ய, அங்கேயும் பிரெஞ்சுக்காரன் வந்து உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் ஒரே ஆள் என்றால் நடுவில் இடைவெளி எதற்கு? பிப்ரவரி 25ஆம் தேதி பிரெஞ்சுப் படை உள்ளே வந்தது, நாடு முடிந்தது.

அந்த அக்டோபரில் பிரிவினைக்காரர்கள் ஆஹனிலும் கோப்லென்ஸிலும் மறுபடி ரைன் குடியரசு அறிவித்தார்கள். இந்தத் தடவை பின்னால் பிரெஞ்சு ஆசி பலமாக இருந்தது. ஆனால் கொலோனில் பிரிட்டிஷ்காரர் இடம் கொடுக்கவில்லை. கொலோன் இல்லாத ரைன் குடியரசு பீடம் இல்லாத சாமி. நவம்பர் முடிவதற்குள் கோப்லென்ஸ் அரசாங்கம் கலைந்தது. தளபதி, கொள்கை, பிரகடனம் எல்லாம் இருந்த நாட்டுக்கு ஆயுசு சில வாரம். கணக்குத் தப்பில் பிறந்த நாட்டுக்கு நாலு வருஷம். 1994இல் லோர்ஷ், காவ்ப் பக்கத்து ஒயின்காரர்களும் விடுதிக்காரர்களும் சுற்றுலாவுக்காக அந்த நாட்டைத் தூசு தட்டி எடுத்து, பாஸ்போர்ட்டும் போட்டார்கள். டோர்ட்டன் நாட்டுக்கு அப்படி யாரும் பாஸ்போர்ட் போட்டதாகக் காணோம்.

பிரிட்டிஷ்காரர் 1926 ஜனவரி 31 நள்ளிரவோடு கொலோனைவிட்டுப் போனார்கள். அடெனாவர் பேராலயத்தின் முன்னே நின்று சொற்பொழிவாற்றினார். அடுத்த போர் முடிந்து 1945இல் அமெரிக்கர்கள் அவரை மறுபடி மேயராக்கினார்கள். பிறகு நகரம் மறுபடி பிரிட்டிஷ் கைக்கு வந்தது. மனுஷன் வேலைக்கு லாயக்கில்லை என்று அக்டோபரில் சீட்டைக் கிழித்தார்கள். நாலே வருஷம். மேற்கு ஜெர்மனி என்று ஒரு நாடு பிறந்தது, அதற்கு ரைன் கரையில், கொலோனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பான் தலைநகரமானது. முதல் பிரதமர் தேர்தலில் லாயக்கில்லாத மனுஷன் ஒரே ஓட்டில் தேறினார். அந்த ஓட்டு யாருடையது என்று கேட்டால், அவர் ஓட்டை அவருக்கே போட்டுக்கொண்டதுதான்.