பேர் சொல்லும் வேலை

கும்பகோணத்தில் இருந்த என் பாட்டி தில்லியைக் குரலாகத்தான் அறிவாள். காலையில் காபி ஆற்றும் நேரம், டிரான்சிஸ்டரில், தில்லி வானொலியின் சரோஜ் நாராயண்சுவாமி தன் பேரைச் சொல்லித் தமிழில் செய்தி வாசிக்கத் தொடங்குவார். பாட்டி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள். 1992இல், நாடாளுமன்றத் தெரு வானொலி நிலையத்தில் குரல் தேர்வில் தேறிவிட்டேன், யுவவாணியில் மேற்கத்திய இசை நிகழ்ச்சி தொகுக்கப் போகிறேன் என்று அவளுக்கு எழுதினேன். பதில் அஞ்சலட்டையில் வந்தது. "அந்த அம்மா மாதிரி உன் பேரும் ரேடியோவுல வருமோடீ?"

வந்தது. ஆனால் அடுத்தவர் பேரைச் சொல்வதுதான் அங்கே பெரிய வேலை என்பது போகப்போகத்தான் புரிந்தது.

பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்காக 1969 ஜூலையில் தில்லியில் தொடங்கப்பட்ட வானொலிச் சேவை யுவவாணி. நான் கேஷுவல் காம்பியர், அதாவது நிரந்தரமில்லாத தொகுப்பாளர். பேசப்போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கவேண்டும். விளம்பரமாகப் படும் எந்தச் சொல்லும் கூடாது. மாதக் கடைசியில் ஒரு சிறிய காசோலை வரும். இத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவில், தில்லிப் பையன்கள் சொந்தமாக இசையமைத்துப் பாடிய பாட்டுக்கு அங்கே கால் மணி நேரம் கிடைத்தது. இந்தியன் ஓஷன் குழு 1990இலும் பரிக்ரமா குழு 1991இலும் தொடங்கியிருந்த காலம் அது. கல்லூரி விழாக்களில் பெரும்பாலான குழுக்கள் வெளிநாட்டுப் பாட்டுகளைத்தான் அச்சு அசலாக வாசிப்பார்கள். சொந்தப் பாட்டு வைத்திருந்தவர்களுக்கு கேசட் போட்டுத்தர ஆள் கிடைப்பது அரிது. ஒத்திகை அறையிலேயே பதிந்த கேசட்டை ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு நிலைய வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளே அதை ஸ்பூலுக்கு மாற்றுவோம்.

டியூட்டி ரூமில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். என் கியூ ஷீட்டைக் கையில் வாங்கியதும் அவர் பாட்டின் தலைப்பைப் பார்க்கமாட்டார்.

"டிரம்ஸ் வாசிச்சது யாரும்மா? பேர் போடலையே?"

"குழுவோட பேர் இருக்கே சார்."

"கச்சேரியில பாடறவர் பேரை மட்டும் சொல்லிட்டு விட்டுடுவோமா? வயலின், மிருதங்கம், கடம், தம்புரா வரைக்கும் சொல்றோமில்ல?"

சாஸ்திரிய சங்கீதத்துக்கு வானொலி வைத்திருந்த மரியாதையை, தாடி வளர்த்த பையன்களின் கிதாருக்கும் அவர் அப்படியே நீட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாத்தியம் வாசித்தவர் எல்லோர் பேரையும் ஒரு மூச்சில் சொல்லப் பழகினேன். கரோல்பாகில் இருந்த ஒரு டிரம்மரின் அம்மா, மகன் எந்நேரமும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறான் என்று அவனோடு பேசாமலே இருந்தாராம். ஒரு சாயங்காலம் அவன் பேர் வானொலியில் வந்தது. மறுநாள் மாடி அறையிலிருந்த பழைய பெட்டிகளை அவரே கீழே இறக்கி, டிரம்ஸுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தார். அவன் வந்து இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. இந்த வேலையை விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

1997 ஜனவரி 1. மண்டி ஹவுஸ் பக்கம் எலும்பைத் துளைக்கும் குளிர். தெருநாடகம் போட்டுக்கொண்டிருக்கும்போது தாக்கப்பட்டு உயிரிழந்த சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக சஹ்மத் அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் நிகழ்ச்சி. இந்தியன் ஓஷன் அன்று வாசித்தது அப்படியே பதிவாகி 'டெசர்ட் ரெய்ன்' என்ற தொகுப்பாக வந்தது. தபலாவில் அசீம் சக்ரவர்த்தி, கிதாரில் சுஷ்மித் சென், பேஸில் ராகுல் ராம், டிரம்ஸில் அமித் கிலம். இந்த நான்கு பேரையும் வரிசை மாறாமல் இன்றும் சொல்வேன். 2000இல் அவர்கள் வெளியிட்ட 'கண்டீசா' தொகுப்பின் தலைப்புப் பாட்டு, கேரள சிரியன் கிறித்தவர்களின் அரமேயப் பிரார்த்தனையிலிருந்து வந்தது. அதே தொகுப்பில் நர்மதைக் கரையின் பாட்டும் இருக்கிறது. ராகுல் ராம் நர்மதைப் பாதுகாப்பு இயக்கத்தோடு இருந்தவர். இதையெல்லாம் கேட்பவருக்குச் சொல்லவேண்டாமா? சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால், கேட்கிற காதே வேறாகிவிடும்.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். அரசின் கையிலிருந்து அலைவரிசை விடுபட்டால் நம்மூர்ப் பாட்டுக்கு நாளெல்லாம் இடம் கிடைக்கும் என்று மனதார நம்பினோம். 2003இல் தில்லியில் தனியார் பண்பலைகள் வந்தன. ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளம் முன்பு வாங்கியதைப் போலப் பல மடங்கு. ஒப்புதல் வாங்கவேண்டிய தாளும் கிடையாது, என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் எந்தப் பாட்டு என்பதைக் கணினியில் செலக்டர் மென்பொருள் முடிவு செய்துவிடும். பாட்டின் சில நொடித் துண்டுகளைத் தொலைபேசியில் ஆட்களுக்குப் போட்டுக்காட்டி, அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் தயாராகும். ஏற்கெனவே தெரிந்த பாட்டுதான் அதில் தேறும். யாரும் கேட்டிராத பாட்டுக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? எனக்கு இரண்டு பாட்டுக்கு நடுவே இருபது நொடி. அதில் நிலையத்தின் பேர் இரண்டு முறை வரவேண்டும். பாட்டை உண்டாக்கியவர் பேருக்கு நொடி மிஞ்சாது.

அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் சுற்று உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும்படி வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு குழுவின் ஏழு நிமிடப் பாட்டுக்கு எந்த விளம்பரதாரரைத் தேடிப்போவது? காரணம் புரிகிறது. ஆனாலும் கட்டுப்பாடு நிறைந்த இடத்தில் திறந்திருந்த கதவு, சுதந்திரம் வந்த இடத்தில் சாத்திக் கிடந்ததை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. நான்கு வருடம் இருந்தேன். ஒருநாள் நிகழ்ச்சியின் நடுவே, வாத்தியக்காரர் ஒருவர் பேர் தொண்டை வரை வந்து நின்றது. நேரம் முடிந்து விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மாதமே விலகினேன்.

2009 டிசம்பர் 25 அன்று அசீம் சக்ரவர்த்தி காலமானார். அவர் இருக்கும்போதே பதிந்திருந்த பாட்டுகளை, மாதம் ஒன்றாக, 2010இல் இந்தியன் ஓஷன் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. தொகுப்பின் பேர் '16/330 கஜூர் ரோடு'. கரோல்பாகில் அவர்கள் பல வருடம் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரி அது. பாட்டுக்கு இடம் கொடுத்த வீட்டுக்கும் நன்றி சொன்னார்கள்.

இப்போது என் நிலையம் மயூர் விஹார் வீட்டின் உள்ளறை. சுவரில் ரஜாய் தொங்கும், மேசையில் ஒரு மைக், ஒரு மடிக்கணினி. 2017இல் பாக்ஸவுட் எஃப்எம் என்ற இணைய வானொலியைத் தில்லியில் இளைஞர்கள் தொடங்கியதைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்தது. வியாழன்தோறும் ஒரு மணி நேரம். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது திரையில் தெரியும். சில நாள் 43, சில நாள் 60. பாட்டுகள் மின்னஞ்சலில் வந்து குவிகின்றன. ஒத்திகை அறை கேசட்டின் இரைச்சல் கிடையாது, பதிவு அவ்வளவு சுத்தம். ஆனால் கோப்பில் குழுவின் பேரைத் தவிர ஒன்றும் இருக்காது. யார் வாசித்தது, யார் எழுதியது என்று ஒவ்வொருவருக்கும் திருப்பி எழுதுகிறேன். "இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையே தீதி" என்று பதில் வருகிறது. செயலிகளில் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கும் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள்.

போன வியாழன், ஹுமாயூன்பூரில் தங்கிப் படிக்கும் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி தாங்குல் மொழியில் எட்டு நிமிடப் பாட்டு அனுப்பியிருந்தாள். முழுசாகப் போடுவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். போடுகிறேன், கூட வாசித்தவர்கள் பேரை அனுப்பு என்றேன். ஐந்து பேர். கிதார் வாசித்தவர் பேர் ங-வில் தொடங்கியது. அரிச்சுவடியில் எழுதிப் படித்த எழுத்துதான். ஆனால் ங-வில் தொடங்கும் ஒரு மனிதரின் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. போனில் கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொன்னேன். அவள் சொல்லச்சொல்லத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னேன். மூன்று முறை திருத்தினாள். நான்காவது முறை, "ஹாங், அப்படித்தான்" என்றாள்.

ஒன்பது அடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு மைக்கைத் திறந்தேன்.