ஆய்வேடு மெலிந்த கதை

கலிபோர்னியாவில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்க நேர்ந்தபோது, கல்லூரியில் இனக்குழு ஆய்வு என்னும் துறையில் கடைசி வருஷம் வாசித்துக்கொண்டிருந்த பேத்தி, சிறப்புப் பட்டத்துக்குரிய ஆய்வேடு ஒன்றைத் திட்டமிடும் பிரயத்தனத்தில் இருந்தாள். வீட்டிலுள்ள நாங்கள் அனைவரும் அவரவர் யோக்கியதைக்குத் தக்கபடி அபிப்பிராயம் சொல்லி அவளைக் குழப்பும் கைங்கரியத்தில் இருந்தோம்.

மற்றத் துறைகளெல்லாம் பேராசிரியர்களின் கமிட்டியில் தேநீர் அருந்தியபடியே பிறந்திருக்க, இந்தத் துறையோ வேலைநிறுத்தத்தில் பிறந்தது. 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கத்தாரும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியினரும் தொடங்கிய போராட்டம் 1969 மார்ச் வரை ஓயவில்லை. நடுவில் கல்லூரித் தலைவராக நியமனம் பெற்ற ஹயகாவா, சொற்களின் பொருளைப் பற்றிப் பிரசித்தமான நூல் எழுதிய பண்டிதர்; அவர் மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமீது தாமே ஏறிக் கம்பிகளைப் பிடுங்கினார். பொருளை ஆராய்ந்து அலுத்தவர் சப்தத்தையே ஒழித்துவிடலாம் என்று துணிந்தார் போலும்! பின்னாளில் கலிபோர்னியா மக்கள் அவரைச் செனட்டராக்கி வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இத்தகைய வீரபரம்பரையில் வந்தவளாதலால், பேத்தியின் முதல் தலைப்பும் வீரமாகவே இருந்தது: ‘அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்களின் எதிர்ப்பு வரலாறு.’ எனக்கு அது பரம திருப்தி. அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த அம்மையாரோ, காகிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு, “எந்த ஆசியர்? எந்த ஊர்? எந்த வருஷம்?” என்று பரிவோடு வினவினார். அன்றுமுதல் அந்தத் தலைப்பு, புதுக் கதர்ச் சட்டை சலவைக்குச் சலவை சுருங்குவதுபோல, வாரத்துக்கு வாரம் சுருங்கலாயிற்று. ஆசியர் பஞ்சாபியராயினர், அமெரிக்கா கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்காயிற்று, எதிர்ப்பு விவாகமாயிற்று, வரலாறு கடைசியில் ஒரு சமையலறையில் வந்து நின்றது. “இமயத்தில் புறப்பட்டு அடுப்பங்கரையிலா வந்து சேருவது?” என்று நான் அங்கலாய்த்தேன்.

“தாத்தா, அந்த அடுப்பங்கரையில் என்ன நடந்தது என்று கேளுங்கள்” என்றாள்.

கேட்டபின் வாயடைத்துப்போனேன். மெக்ஸிகோ எல்லையோரத்துப் பருத்தி வயல்களில் உழைக்க வந்த பஞ்சாபியரில் பெரும்பாலோர் சீக்கியர். ஊராரோ அத்தனை பேரையும் ஹிந்துக்கள் என்றே அழைத்தனர். 1917ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் சொந்த ஊரிலிருந்து பெண் அழைத்துவரும் வழியை அடைத்தது. வெள்ளையரை மற்ற நிறத்தார் மணப்பதையோ மாகாணச் சட்டம் 1948 வரை தடுத்து நின்றது. ஆகவே பலர் மெக்ஸிகப் பெண்களை மணந்தார்கள். விவாகப் பத்திரம் எழுதும் குமாஸ்தா மணமக்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, இனம் என்ற இடத்தில் இருவருக்கும் ‘பழுப்பு’ என்று எழுதி ஜாதிப் பிரச்சினையைத் தீர்த்துவைத்ததும் உண்டு. நம் ஊர்த் தாலுகா ஆபீஸில் இவ்வளவு சுருக்கமாக ஒரு காரியம் நடந்து நான் பார்த்ததில்லை. இத்தம்பதியர் வீட்டு அடுப்பில் ரொட்டியும் தோர்த்தியாவும் சமரசமாக வெந்தன. காரன் லெனார்ட் என்னும் அம்மையார் 1992லேயே இக்குடும்பங்களைப் பற்றி முழு நூல் எழுதிவிட்டதை அறிந்தபோது பேத்தி ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுவேளை அந்த நூலின் அடிக்குறிப்புகளிலிருந்தே தன் வினாவைக் கண்டெடுத்தாள்.

இனி அந்த வம்சத்துப் பாட்டிமார் சிலரைச் சந்தித்துப் பேசவேண்டியதுதானே என்றேன். அங்கேதான் படிவம் குறுக்கிட்டது. மனிதரிடம் ஆராய்ச்சி செய்யப் புகுவோர் முதலில் அறநெறிக் குழுவின் அனுமதி பெறவேண்டுமாம். அலபாமாவின் டஸ்கிகீயில் கறுப்பின ஆடவர்களுக்கு மேகநோய்க்குரிய சிகிச்சையை 1972 வரை அளிக்காமல் வேடிக்கை பார்த்த கொடுமைக்குப் பின் உறுதிப்பட்ட விதி அது. ஆதலால் அதைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. ஆனால் வாய்மொழி வரலாற்றுக்கு அரசாங்க விதியே விலக்கு அளித்திருக்க, அனுமதி தேவையில்லை என்று தீர்மானித்துக்கொள்வதற்கும் தனியாக ஒரு விண்ணப்பம் உண்டு என்று கேள்விப்பட்டபோது சிரிக்காமலிருக்கவும் முடியவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் அரக்கோணம் தாண்டுமுன்னரே சம்பளம், சொந்த வீடு, மாப்பிள்ளையின் குணம் யாவற்றையும் விசாரித்தறியும் தேசத்தில் பிறந்தவன் நான். ‘இக்கேள்வி பதில் சொல்பவருக்கு மனக்கிலேசம் உண்டாக்குமா?’ என்ற கட்டத்தை என் ஆயுளில் ஒருமுறைகூட நிரப்பியதில்லை.

என்னைப்போன்ற தாத்தாமாருக்கு ஒரு விண்ணப்பம்: பேரக் குழந்தைகள் ஆய்வேடு எழுதப் புகுந்தால் பெரிய தலைப்பு எதையும் தானம் செய்யாதீர்கள். நல்ல ஞாபகசக்தியுள்ள ஒரு பாட்டியின் விலாசம் தெரிந்தால் கொடுங்கள். அதையும் பாட்டியின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.