பாக்ஸ்கார் இலக்கணம்: வழுவும் வழுவமைதியும்

அமெரிக்கச் சரக்கு ரயிலின் பாக்ஸ்கார், நாலு சுவரும் கூரையும் இழுவைக் கதவும் உள்ள மூடிய பெட்டி. இக்கட்டுரை ஆராய்வது அதன் பொம்மையை. (பொம்மை என்றதற்கு இத்துறை அறிஞர் பொறுத்தருள்க, ‘மாடல்’ என்பதே சபை மரபு.) நாற்பதடிப் பெட்டியை எச்.ஓ. என்னும் அளவில் 87-இல் ஒரு பங்காகக் குறுக்கினால் நீளம் 14 சென்டிமீட்டர். சண்டை போட இவ்வளவு இடம் தாராளம்.

முதற்கண் காலவழு. 1947-இல் புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் கொண்டுவந்த பி.எஸ்.-1 பெட்டியின் கூரைமேல், பிரேக்மேன் நடந்துபோக ஒரு நடைபலகை உண்டு. 1966-க்குப் பின் கட்டிய பெட்டிகளில் அது கிடையாது. ரெயில்பாக்ஸ் என்னும் மஞ்சள் பெட்டிக் கூட்டமோ 1974-இல்தான் பிறந்தது. அதற்குள் நீராவி எஞ்சின் ஓய்ந்துபோயிற்று. ஆகவே நீராவி எஞ்சினுக்குப் பின்னால் ரெயில்பாக்ஸை மாட்டி ஓட்டுபவர், ‘நாளை வந்தான்’ என்று எழுதியவருக்கு ஒப்பாவார்.

இடவழு அப்படியன்று. மெய்ன் மாநிலச் சரக்குக்காகப் பாங்கர் அண்ட் அரூஸ்டுக் ரயில்வே சிவப்பு, வெள்ளை, நீலம் தீட்டி விட்ட பெட்டி கலிபோர்னியாவில் நிற்கலாமா? நிற்கலாம். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடுவது அங்கே வழக்கம். வாடகை மட்டும் கணக்கில் ஏறும். எனவே எந்த ஊர்ப் பெட்டியையும் வாங்கிக் கோக்கலாம். கடைக்காரர்கள் இவ்விதியைப் பெரிதும் போற்றுகிறார்கள்.

அடிதடிக்கு உரிய பகுதி நிறவியல். ‘பாக்ஸ்கார் சிவப்பு’ கம்பெனிக்கு ஒன்று. வெயில் பட்டபின் பெட்டிக்கு ஒன்று. பழைய வண்ணப் படச்சுருளைச் சான்று காட்டுவாரும், சுருளே நிறம் மாறிப்போனதென மறுப்பாரும் உளர். அந்தச் சிவப்பின் மூலப்பொருள் இரும்பு ஆக்சைடு. துரு ஏறாமல் காக்கத் துருவின் பங்காளியையே பூசியிருக்கிறார்கள்! மாடல்காரர் அத்துடன் விடுவதில்லை. புத்தம்புதுப் பெட்டியை வாங்கிவந்து, வண்ணப்பொடியும் தூரிகையுமாக உட்கார்ந்து, அதன்மேல் துருவை வரைகிறார். வரைந்த துரு போதவில்லையென்று வருந்தவும் செய்கிறார்.

எடைக்கும் விதியுண்டு. 1935-இல் தோன்றிய அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை: ஒரு அவுன்ஸ், அதன்மேல் அங்குல நீளத்துக்கு அரை அவுன்ஸ். குறைந்தால் வளைவில் தடம் புரளும். அதற்காக உள்ளே வைக்கும் இரும்புத் தகடுதான் பல பெட்டிகள் ஆயுள் முழுதும் சுமக்கும் ஒரே சரக்கு.

ரிவெட்டுகளை எண்ணிக் குற்றம் சொல்வோர்க்கு மற்றவர் தரும் விடை, ‘என் ரயில், என் இஷ்டம்’ என்பது. இதை வழுவமைதியாகக் கொள்க. மஞ்சள் ரெயில்பாக்ஸ் நீராவி எஞ்சினுக்குப் பின்னால் தாராளமாகப் போகட்டும்; அதன் கூரையில் நடைபலகை மட்டும் இருக்கக் கூடாது.