சேப்பாக்கச் சிறார் செலவியல்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது எப்படி என்பதில் தமிழ்ச் சமூகத்துக்கு அனுபவம் அதிகம். காதுகுத்து, குலதெய்வம், பொருட்காட்சி, தேர்த் திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. எதைக் கட்டி எடுத்துப் போவது, யார் தூக்குவது, எந்த நேரத்தில் அழும், அழுதால் எதைக் கொடுப்பது எல்லாம் பாட்டிகளுக்கு மனப்பாடம். ஐபிஎல் ஆட்டத்துக்கு மட்டும் அப்படி ஒரு முறை ஏற்படவில்லை. 2008-ல் பிறந்த பழக்கம் அது. அதற்கென்று ஒரு பாட்டி வர இன்னும் நாளாகும். அதுவரை இடைக்கால ஏற்பாடாக இக்கட்டுரை.

ஆய்வு எல்லை

வயதால், எட்டுக்கு உட்பட்டவர்கள். இடத்தால், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் தேரோடும் நான்கு வீதிகள் வரை.

இந்த எல்லைக்குள் தொழில்முறைக் கிரிக்கெட் கிடையாது. 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல், கோவை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று பல ஊர்களுக்கு அணி அமைந்தது. கடலூர் மாவட்டத்துக்கு அமையவில்லை. ஆகவே சென்னை போக வேண்டும். கடலூரிலிருந்து 180 கிலோமீட்டர் சொச்சம். சிதம்பரத்திலிருந்து இன்னும் நாற்பத்தைந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போய்ச் சேரும் சேப்பாக்கம் மைதானத்தின் பெயர் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம். சிதம்பரத்துப் பிள்ளைகள் இதில் தர்க்கப்பிழை காண்கிறார்கள். ஸ்டேடியம் சிதம்பரம் என்றால் ஏன் சென்னைக்குப் போகிறோம் என்று திண்டிவனம் வரை கேட்பார்கள். பதில் இருக்கிறது. 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்த எம்.ஏ.சிதம்பரம், 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். அப்பா கொடுத்தது பல்கலைக்கழகம், மகன் பெயரில் இருப்பது மைதானம். முன்னதில் 1979 முதல் அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கலாம். பின்னதற்கு நேரில்தான் போயாக வேண்டும்.

முன்னாய்வு மதிப்பீடு

இத்துறையின் முன்னோடி ஒட்டக்கூத்தர். 12-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ்தான் கிடைத்திருப்பவற்றில் முதல் பிள்ளைத்தமிழ். பாட்டுடைத் தலைவனான இரண்டாம் குலோத்துங்கன் சிதம்பரம் கோயிலுக்குப் பெரிய திருப்பணிகள் செய்தவன் என்பதால் வட்டாரத் தகுதியும் பொருந்துகிறது. குழந்தைமையைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தது அந்த மரபு. கூத்தர் சேப்பாக்கம் கேலரியைப் பார்த்தவரில்லை. ஆனாலும் பகுப்பு அங்கே பிசகாமல் உட்காருகிறது.

ஐந்தாம் மாதத்துச் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலையாட்டும் பருவம். இதற்குத் தரை வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் பெரியவர் முழங்காலுக்கே இடமில்லை. இவர்களை வீட்டில் விட்டுவிடலாம்.

ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி: கைதட்டும் பருவம். இவர்கள் கட்சி பார்ப்பதில்லை. சென்னையின் விக்கெட் விழும்போதும் மனதாரத் தட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் மஞ்சள் சட்டைகள் திரும்பிப் பார்க்கும்போது பெற்றோர் குழந்தையின் இரு கையையும் பிடித்துக்கொள்வது நல்லது.

வருகைப் பருவம்: நடக்கத் தொடங்கியவர்கள். முன்வரிசைக்குப் போய், முன்பின் தெரியாத குடும்பத்தின் பாப்கார்னில் பங்கு பெறுவார்கள்.

அம்புலிப் பருவம்: நிலவைக் கூப்பிட்டு விளையாட வரச்சொல்வது. ராட்சத விளக்குகளுக்கு மேலே எழும்பிய பந்தைக் குழந்தை கைநீட்டிக் கூப்பிடும். கீழே அண்ணாந்து நிற்கும் ஃபீல்டரும் அதே வேண்டுதலில்தான் இருக்கிறார்.

சிறுபறை: கையில் கிடைத்ததைக் கொட்டுவது. 4, 6 என்று அச்சடித்த அட்டையும் முன்சீட்டுக்காரரின் வழுக்கையும் சேர்ந்து கிடைத்தால் பறை தயார்.

பத்தாவதான சிறுதேர்ப் பருவத்தை எட்டியவர்களுக்கு மட்டுமே டிக்கெட் எடுக்கலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.

கள நிலவரம்

ஆட்டம் இரவு ஏழரைக்கு என்றால் கடலூர்க்காரர் பகல் பன்னிரண்டுக்குப் புறப்பட வேண்டும். வெளிச்சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் பையும் வாசலிலேயே நின்றுவிடும் என்பதால் கட்டுச்சோற்றை வழியில் முடித்தாக வேண்டும். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி எங்காவது நிழல் பார்த்து உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவது இப்பயணத்தில் முழுதும் அமைதியாகக் கழியும் ஒரே கட்டம்.

மதியம் மூன்றரை மணி ஆட்டங்களைத் தவிர்க்கலாம். சென்னை வெயில் என்ன செய்யும் என்பதற்கு 1986 செப்டம்பரில் இங்கே நடந்த டெஸ்ட் சான்று. 210 ரன் அடித்த டீன் ஜோன்ஸ் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். ஆட்டமிழந்த பின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவருக்கு 25 வயது, ஆஸ்திரேலிய உடம்பு. நம்மவருக்கு வயது நான்கு. காலையில் இரண்டு இட்லி மட்டும், அதிலும் ஒன்றைத் துப்பியாயிற்று.

கூட்டத்தில் குழந்தையைத் தொலைக்காமல் இருக்கும் கலை இவ்வட்டாரத்தாருக்குப் புதிதல்ல. தை ஐந்தில் பெண்ணையாற்றங்கரை ஆற்றுத் திருவிழாவில் சுருளிக் கிழங்கு வாங்கும் நெரிசலிலும், மார்கழியிலும் ஆனியிலும் சிதம்பரத்தில் ஐந்து தேர்கள் அடுத்தடுத்து வரும் வீதியிலும் பழகியவர்கள். அந்த மரபின் முதல் விதி, பிள்ளைக்குக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை போடு என்பது. சேப்பாக்கத்தில் இந்த விதி தலைகீழாகக் கவிழ்கிறது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் முப்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். ‘மஞ்சள் பனியன், முதுகில் 7, தோனி என்று எழுதியிருக்கும்’ என்று ஒரு தகப்பன் அடையாளம் சொன்னால் அரங்கத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டியிருக்கும். எனவே இரண்டாவது விதிக்குப் போக வேண்டும்: முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் செல் நம்பர்.

கருதுகோள்

குழந்தை ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். இக்குறையை ஆராயக் கடலூர் வரலாறு கைகொடுக்கிறது.

1690-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேர்த்தி? பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை. சுட்டார்கள். விழுந்த இடம் வரை இருந்த ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. குண்டு கிராமங்கள் என்றே அவற்றைச் சொன்னார்கள். கடலூரில் இன்றும் குண்டுசாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. கயிறு கட்டி எல்லை போட்டுவிட்டு அதைத் தாண்டினால் ஆறு ரன் என்பது கிரிக்கெட். பந்து விழுந்த இடத்தையே எல்லையாக்கியது கடலூர்.

குழந்தை ஆட்டம் பார்ப்பது கடலூர் முறையில். அதன் கவனம் எங்கே போய் விழுகிறதோ அதுவரை ஆட்டம். கம்பியில் தொங்கிக்கொண்டு மைதானத்தின் மேல் அலையும் கேமரா, தண்ணீர் பாட்டிலோடு உள்ளே ஓடும் பன்னிரண்டாம் ஆள், கயிற்றோரம் நின்று முதுகைச் சொறியும் ஃபீல்டர் எல்லாம் அதன் குண்டு கிராமங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் காவலர்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடியே நிற்பார்கள். ஆட்டம் முழுக்க அப்படித்தான். பெரியவர் எவரும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஐந்து வயதுக்காரர் மூன்றாவது ஓவரில் கேட்டுவிடுவார்: “ஏம்பா, அந்த போலீசு மாமா மேட்ச் பாக்காம நம்மளயே பாக்குறாரு?”

ஒப்பீட்டாய்வு

அமெரிக்கர்கள் பேஸ்பாலுக்குக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிப் போகிறார்கள். அவர்களுக்குப் பாட்டி உண்டு. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று சோம்பல் முறிப்பது அங்கே சடங்கு. ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டி இழுக்கிறது என்று 2023-ல் பந்தெறிபவருக்குக் கடிகாரம் வைத்தார்கள். சராசரி நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு இறங்கியது. 2017-ல் நியூயார்க்கில் ஒரு சின்னப் பெண்ணைப் பந்து தாக்கியது. மறு ஆண்டே 30 மைதானங்களிலும் தடுப்பு வலையை நீட்டினார்கள்.

முக்கியமான வேறுபாடு, கூட்டத்தில் வந்து விழும் பந்து யாருக்கு என்பது. அங்கே பிடித்தவருக்கே சொந்தம்; கையுறை மாட்டிக்கொண்டு வந்து உட்காரும் சிறுவர்கள் உண்டு. சிகாகோ கப்ஸ் அணி 1916-ல் இதை அனுமதித்தது. சேப்பாக்கம் மைதானம் அமைந்ததும் அதே 1916-ல். 1921-ல் ரூபன் பெர்மன் என்பவர் நியூயார்க்கில் பந்தைத் திருப்பித்தர மறுத்து, வெளியேற்றப்பட்டு, வழக்குப் போட்டு நூறு டாலர் வாங்கினார்.

இங்கே சிக்ஸர் விழுந்தால் பந்தைத் திருப்பி எறிய வேண்டும். தெருக் கிரிக்கெட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது அரைகுறை நீதியாகப் படும். பந்து அடுத்த வீட்டு மாடியில் விழுந்தால் அடித்தவன்தான் போய், திட்டு வாங்கி, எடுத்துவர வேண்டும் என்பது கீழவீதி, மேலவீதி இரண்டிலும் செல்லும் சட்டம். சிவம் துபே அடித்துவிட்டு அப்படியே நிற்பதை ஏழு வயதுக்காரர் ஏற்றுக்கொள்ளவில்லை: “அடிச்சவரு ஏன் எடுக்க வரல?”

கண்டறிந்தவை

ஒன்று, ஒலி. 2024 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் தோனி மட்டையோடு இறங்கியபோது எழுந்த சத்தத்தில், எதிரணியின் ஆந்த்ரே ரஸல் எல்லைக்கோட்டருகே இரு காதையும் பொத்திக்கொண்டார். அதே மாதம் லக்னோவில் தோனி இறங்கியபோது, லக்னோ அணி வீரர் குயின்டன் டி காக்கின் மனைவியின் கைக்கடிகாரம் 95 டெசிபல் என்று எச்சரித்தது. ரஸலின் உடற்கட்டுக்கே அந்த நிலை என்றால், குழந்தையின் காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ கட்டாயம். விசில் வாங்கித் தருவது தனிப் பிரச்சினை. அது ஆட்டத்தோடு முடிவதில்லை. வீட்டில் பாட்டரி இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும்.

இரண்டு, இயற்கை உபாதை. பந்துவீசும் அணி 6-ஆவது ஓவருக்கும் 9-ஆவது ஓவருக்கும் நடுவில், மட்டையடிக்கும் அணி 13-க்கும் 16-க்கும் நடுவில், தலா இரண்டரை நிமிடம் இடைவேளை எடுக்க ஐபிஎல் விதி இடம் தருகிறது. குழந்தையின் சிறுநீர்ப்பை எந்த அணியிலும் பதிவு செய்யப்படவில்லை. அது இருபதாவது ஓவரில்தான் ஆட்டத்துக்குள் வருகிறது.

மூன்று, திரும்பும் வழி. திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் செல்வோருக்கு வழக்கமான இரவு வண்டிகளான உழவன், மன்னை எக்ஸ்பிரஸ்கள் எழும்பூரை விட்டுக் கிளம்பும் நேரமும் கடைசி ஐந்து ஓவர்களும் ஏறக்குறைய ஒன்றே. ரயிலை விட்டவர்களுக்குப் பஸ். அதுவும் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் வரை போய். தூங்கிய குழந்தையின் எடை விழித்திருக்கும் குழந்தையின் எடையைவிட அதிகம் என்பதை அந்த நடைமேடையில் எவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இதைவிட மோசமும் நடந்திருக்கிறது. 2023 ஐபிஎல் இறுதியாட்டம் அகமதாபாத்தில் மே 28 அன்று நடந்திருக்க வேண்டியது. மழை. சென்னை ரசிகர்கள் மஞ்சள் சட்டையோடு ரயில் நிலையத் தரையில் படுத்துத் தூங்கினார்கள். மறுநாள் இரவு தொடங்கி, மீண்டும் மழையில் நின்று, மே 30 அதிகாலை ஒன்றரைக்கு மேல் ஜடேஜா பவுண்டரி அடித்து முடித்தார். ஒரே டிக்கெட்டில் மூன்று தேதிகள். அங்கே குழந்தையோடு போனவர்கள் ஆய்வுக்குப் பேட்டி தரும் நிலையில் இருந்திருக்கமாட்டார்கள்.

மேலாய்வுக்குரியவை

குழந்தைகளுக்கு முற்றிலும் ஏற்ற ஆட்டம் சேப்பாக்கத்தில் ஒன்று நடந்ததுண்டு. 1934 நவம்பர் 4, முதல் ரஞ்சி ஆட்டம். மைசூரை மதராஸ் ஒரே நாளில் முடித்துவிட்டது, ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட். சாயங்காலத்துக்குள் வீடு திரும்பலாம். அது இனிக் கிடைக்காது.

கைக்கெட்டும் மாற்று, புதுச்சேரியை ஒட்டிய துத்திப்பட்டு மைதானம். புதுச்சேரி அணி 2018-லிருந்து ரஞ்சி ஆடுகிறது. கடலூரிலிருந்து டிபன் டப்பாவோடு காலையில் போய்விட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். கூட்டம் கிடையாது. செங்கீரைப் பருவத்தாருக்கும் இடமிருக்கும். மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கும்.

அடுத்த கட்ட ஆய்வை அங்கே நடத்துவதாகத் திட்டம். வீட்டில் அனுமதி தர வேண்டியவர் இரண்டாம் வகுப்பு படிக்கிறார். முன்மொழிவைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் எழுப்பிய ஒரே ஐயம்: “அங்க தோனி வருவாரா?”