கிணற்றுக்குள் சிக்கிய கொலைகாரன்

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் நிபா வைரஸ் வந்தது. வந்த வேகத்திலேயே கொலைகாரனும் சிக்கினான். நோய் முதலில் நுழைந்த வீட்டுக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். பிடித்தார்கள், மாதிரி எடுத்தார்கள், போபால் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று பதில் வந்தது. கிணற்றில் இருந்தவை பூச்சி தின்னும் வௌவால்கள்; நிபாவைச் சுமப்பதோ பழந்தின்னி வௌவால். அதனாலென்ன? ஆளை மாற்றிப் பிடிப்பது நமக்குப் புதிதா? இறக்கை இருக்கிறது, ராத்திரியில் பறக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்!

பழந்தின்னியிடம் நிபா உண்டு, மறுக்கவில்லை. முதல் ஆளுக்கு அதனிடமிருந்து வந்திருக்கலாம். மற்றவர்களுக்கு? மனிதனிடமிருந்து மனிதனுக்கு, அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில். ஸ்கேன் எடுக்க வராந்தாவில் இருமிக்கொண்டே காத்திருந்தார் ஒரு நோயாளி. சுற்றிலும் இடித்துக்கொண்டு நின்றது கூட்டம். கிருமிக்கு அதைவிட நல்ல சந்தை எது? பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். மொத்தம் 17 உயிர்கள் போயின. அந்த வார்டு உத்தரத்தில் எந்த வௌவாலும் தொங்கவில்லை.

ஆனால் வராந்தாவைக் கைது செய்ய முடியுமா? அதை அகலமாக்கினால் செலவு. கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் டெண்டர் விட வேண்டும், கோப்பு நகர வேண்டும். வௌவாலுக்கு ஒரு சரவெடி போதும். வெருண்ட வௌவாலிடமிருந்து கிருமி இன்னும் அதிகமாக வெளியேறக்கூடும் என்று ஆய்வாளர்கள் கத்துகிறார்கள். வெடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது?

1998இல் மலேசியாவிலும் இதே கதைதான். பன்றிக் கொட்டிலை ஒட்டி மாமரம் நட்டது வௌவாலா? பன்றியும் காசு, மாம்பழமும் காசு என்று கணக்குப் போட்டது மனிதன். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து பண்ணையாளுக்கு நோய் வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். லாபம் மனிதன் பெயரில், பழி வௌவால் பெயரில்.

நம் சட்டமும் லேசுப்பட்டதல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னியை எலி, காக்கையோடு தொல்லைப் பிராணிகள் பட்டியலில் உட்காரவைத்தது. அந்தப் பட்டியலை எடுக்க 2022இல்தான் மனசு வந்தது. இலுப்பை விதையைக் காடெங்கும் சுமந்துபோய்ப் போட்டதற்கு ஐம்பதாண்டுச் சன்மானம்!

பயமாக இருக்கிறதா? கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள், கள் பானையை மூடுங்கள், வௌவால் தொங்கும் மரத்தை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நாமும் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதற்கும் இடமில்லை.